அத்தியாயம் 7: தட்டை நிலத்துக்கு மேற்பரப்பு அமைத்தல்

சிவில் 3டி கற்றுத்தரும் நூல்களில் வரும் மாதிரி நிலம் பெரும்பாலும் மேடும் பள்ளமுமானது. சமவுயரக் கோடுகள் நெருங்கி ஓடும். முகடு எது, பள்ளத்தாக்கு எது என்று பார்த்த உடனேயே தெரியும். அந்தப் பயிற்சியை முடித்த கையோடு கல்முனைத் தரவைத் திறக்கும் இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குத் திரையில் ஒரு கோடு தெரிந்தாலே பெரிது. மென்பொருளோடு வரும் மெற்றிக் வார்ப்புருவில் சமவுயரக் கோட்டு இடைவெளி 2 மீற்றராக இருக்கும். நம் கரையோர ஊர்களில் ஒரு தெரு முழுவதுமே அந்த 2 மீற்றருக்குள் அடங்கிவிடும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்கள் கடலுக்கு இணையாகக் கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டில் வரிசையாக இருக்கின்றன. கிழக்கே கடல். மேற்கே கரைவாகு வட்டையும் அதை அடுத்த வயல்களும். திட்டு உயரம், வட்டை தாழ்வு. ஊருக்குள் விழும் மழையில் ஒரு பங்கு கடலை நோக்கிப் போகாமல் மேற்கே திரும்பும். வட்டையில் சேர்ந்த நீர் தோணா வழியாகவோ முகத்துவாரம் வழியாகவோதான் கடலை அடைய வேண்டும். எந்தத் தெரு எந்தப் பக்கம் வடிகிறது என்பதைத் தீர்மானிப்பது சில சென்ரிமீற்றர் உயரம். ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் போகும் வடிகான் 100 மீற்றர் தூரத்தில் 10 சென்ரிமீற்றர்தான் இறங்கும். உங்கள் மேற்பரப்பில் 10 சென்ரிமீற்றர் பிழை இருந்தால் அந்த வடிகான் ஓடாது, அல்லது எதிர்ப்பக்கம் ஓடும்.

2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியைக் கடந்து பாய்ந்த வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றது. நிந்தவூர் மத்ரஸாவில் இருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதில் உயிரிழந்தார்கள். வயல் நடுவே போகும் ஒரு வீதியின் மட்டம், அதன் இருபுறத்து நீர்மட்டம், அதற்குக் கீழே இருக்கும் மதகின் அடிமட்டம்: இந்த மூன்றையும் சரியாகச் சொல்லும் வரைபடம் எத்தனை முக்கியம் என்பதை இந்தப் பிரதேசத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த அத்தியாயத்தை அந்த நினைவோடு படியுங்கள்.

ஆள்கூறும் உயரமும்

புதிய வரைபடக் கோப்பைத் திறந்ததும் ஆள்கூற்று முறையைத் தெரிவுசெய்யுங்கள். இலங்கையில் இன்று புழக்கத்தில் உள்ளது 1999 ஆம் ஆண்டின் இலங்கை நெய்யரி (ஈ.பி.எஸ்.ஜி. எண் 5235). அதன் தொடக்கப் புள்ளியான பீதுருதாலகாலைக்குக் கிழக்கு 500,000, வடக்கு 500,000 என்று பெறுமானம் கொடுக்கப்பட்டிருக்கிறது. பழைய கந்தவளை நெய்யரியில் (எண் 5234) இரண்டும் 200,000. பழைய வரைபடங்களிலும் சில அலுவலகக் கோப்புகளிலும் இந்தப் பழைய எண்கள் இன்னும் வரும்.

கல்முனை நகரம் புதிய நெய்யரியில் சுமாராகக் கிழக்கு 615,000 முதல் 618,000 வரையிலும், வடக்கு 546,000 ஐ அண்டியும் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகளைக் கோப்பைத் திறக்கும்போதே பிடிக்கலாம். கிழக்கு 316 ஆயிரம், வடக்கு 246 ஆயிரம் என்று வந்தால் அது பழைய நெய்யரி. மாற்றாமல் புதியதோடு கலந்தால் உங்கள் தெரு காலிக்குத் தென்மேற்கே நடுக்கடலில் கிடக்கும். கிழக்கும் வடக்கும் இடம் மாறிப்போனால் பொலன்னறுவைப் பக்கம் போய் விழும். சிவில் 3டியில் அதிகம் பயன்படும் கோப்பு வடிவம் புள்ளி எண், வடக்கு, கிழக்கு, உயரம், விவரம் என்ற வரிசையில் அமைந்தது. பல டோட்டல் ஸ்டேஷன்கள் கிழக்கை முதலில் எழுதித் தரும். இறக்கும்போது வரிசையைப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பழையதில் இருந்து புதியதுக்குப் போக வெறுமனே 300,000 கூட்டுவது கிட்டத்தட்டச் சரியான இடத்தைக் காட்டும், அளவை வேலைக்கு அது போதாது. முறையான உருமாற்றத்தையே பயன்படுத்துங்கள்.

உயரம் இதைவிடக் கவனம் வேண்டிய விஷயம். ஜி.பி.எஸ். கருவி தரும் உயரம் நீள்வளையக் கோள மேற்பரப்பில் இருந்து அளக்கப்படுவது. கடல்மட்டத்தில் இருந்து அல்ல. உலகில் இந்த இரண்டுக்கும் இடையில் மிகப் பெரிய வித்தியாசம் உள்ள பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே அது நூறு மீற்றரைத் தாண்டும். நம் கரையிலும் தொண்ணூறு மீற்றருக்கு மேல். கல்முனைக் கடற்கரையில் நின்று பார்த்தால் கருவி மறை தொண்ணூறு சொச்சம் என்று காட்டும். அது கருவியின் கோளாறு அல்ல. அந்த எண்ணோடு ஒரு மாறிலியைக் கூட்டிக் கடல்மட்டமாக்குவதும் சரியான வழி அல்ல. நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறி ஒன்றில் இருந்து லெவல் கருவியால் உயரத்தை வேலைத் தளத்துக்குக் கொண்டுவாருங்கள். போன பாதையிலேயே திரும்பி வந்து மூடுங்கள். மூடும்போது வரும் வித்தியாசம், தூரத்தைக் கிலோமீற்றரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 12 ஆல் பெருக்கிவரும் மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். பொதுவான பொறியியல் வேலைக்கு அதுதான் வழக்கமான எல்லை. கடலோரத்தில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முந்திய மட்டக்குறி ஏதும் நின்றால், உள்நாட்டில் உள்ள இன்னொன்றோடு ஒப்பிடாமல் அதை நம்பவே வேண்டாம்.

ஜி.பி.எஸ். கருவியால் ஆர்.டி.கே. முறையில் எடுத்த உயரத்தில் 2, 3 சென்ரிமீற்றர் ஆட்டம் இயல்பு. ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் 30 மீற்றருக்கு இறங்கும் அளவும் அதுவேதான். ஆகவே தெரு, வளவு, வெளி இவற்றை ஆர்.டி.கே.யால் எடுங்கள். வடிகானின் அடி, மதகின் அடி, பாலத்தின் கீழ்மட்டம் ஆகியவற்றை லெவலும் மட்டக்கோலும் வைத்தே எடுங்கள்.

களத்தில் எடுக்க வேண்டியவை

காலம் முதலில். பெரும்போகத்தில் வட்டை நீருக்குள் இருக்கும். சிறுபோகத்திலும் கல்லோயா நீர்ப்பாசனத்தால் வயல் ஈரமாகவே இருக்கும். அறுவடைக்குப் பிந்திய இடைவெளிகள், அதாவது பெப்ரவரி முடிவில் இருந்து மார்ச் வரையும், ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பரும், நிலம் காய்ந்து வரம்பும் வாய்க்காலும் தெளிவாகத் தெரியும் நாட்கள். ஒக்டோபருக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழையை நம்பி வேலை தொடங்க முடியாது.

ஊருக்குள் வேலை செய்வது வேறு விதம். வளவுகள் சிறியவை, மதில்கள் உயரமானவை. நீர் தேங்கும் இடம் பெரும்பாலும் வீட்டுப் பின்வளவில், மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும். தெருவில் மட்டும் புள்ளி எடுத்துவிட்டு வந்தால் தெருவுக்குத்தான் மேற்பரப்பு கிடைக்கும். இரண்டு நாள் முன்னரே பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்குச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்யுங்கள்; வெள்ளிக்கிழமை பகலில் பிரதான வீதியில் முக்காலியை வைக்காதீர்கள். வாசலில் நின்று ஸலாம் சொல்லி, வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். மாறாக, "இந்தப் படிதான் மகன், வெள்ளம் இதுக்கு மேல ஏறல்ல" என்று ஓர் உம்மா சுவரில் படிந்த கறையைத் தொட்டுக் காட்டுவார். அந்தக் கறைக்கு ஒரு புள்ளி எடுங்கள், தனிக் குறியீட்டோடு. எந்த மாதிரிக் கணிப்பும் தராத சான்று அது. பத்து வீட்டில் எடுத்தால் வெள்ளத்தின் நீர்மட்டம் வரைபடத்தில் கோடாகவே தெரியும்.

குறியீட்டுக்கு எண்களையே பரிந்துரைக்கிறேன். டோட்டல் ஸ்டேஷனின் விசைப்பலகையில் வெயிலில் நின்று எழுத்து அடிப்பதைவிட எண் அடிப்பது வேகம், பிழையும் குறைவு. 101 வீதி நடு, 102 தார் விளிம்பு, 201 வடிகானின் மேல் விளிம்பு, 202 வடிகானின் அடி, 301 வரம்பின் மேல், 302 வரம்பின் அடி, 401 மதில், 501 வெள்ளக்கறை. எல்லாம் மூன்று இலக்கம். இல்லாவிட்டால் 20 என்று தேடும்போது 201 உம் சேர்ந்து வரும். இதே எண்களை மென்பொருளின் விவரக் குறிப்புப் பட்டியலில் முன்கூட்டியே பதிந்து வையுங்கள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் அடுக்கு, ஒரு சின்னம், ஒரு புள்ளிக் குழு. அளவைக் கோப்பை இறக்கிய மறுநிமிடமே வீதிப் புள்ளிகள் ஒரு நிறத்திலும் வடிகான் புள்ளிகள் இன்னொரு நிறத்திலும் பிரிந்து நிற்கும்.

401 ஐயும் 501 ஐயும் தரைப் புள்ளிக் குழுவில் சேர்க்காதீர்கள். மதிலின் உச்சியும் சுவர்க்கறையும் நிலத்தின் பகுதிகள் அல்ல. கவனிக்காமல் "எல்லாப் புள்ளிகளும்" என்ற குழுவைக் கொண்டு மேற்பரப்பு கட்டினால் ஊருக்குள் இல்லாத மேடுகள் முளைக்கும்.

முக்கோணங்களைத் திருத்துதல்

புள்ளிகளை மட்டும் கொடுத்தால் மென்பொருள் அவற்றை முக்கோணங்களாக இணைக்கும். எதை எதோடு இணைப்பது என்பதற்கு அது பின்பற்றும் விதியை 1934 இல் ரஷ்யக் கணிதவியலாளர் பொரிஸ் டெலோனே எழுதினார். ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் தொட்டுப் போகும் வட்டத்துக்குள் வேறு புள்ளி எதுவும் விழக் கூடாது என்பதே விதி. ஒடுங்கிய, நீண்ட முக்கோணங்கள் இதனால் குறைகின்றன. ஆனால் இந்த விதி பார்ப்பது கிழக்கையும் வடக்கையும் மட்டுமே. உயரத்தைப் பார்ப்பதில்லை. வடிகான் எங்கே, வரம்பு எங்கே என்று அதற்குத் தெரியாது.

1.2 மீற்றர் அகலமும் 0.9 மீற்றர் ஆழமும் உள்ள ஒரு வடிகானை எடுத்துக்கொள்வோம். இடப்பக்க மேல் விளிம்பிலும் வலப்பக்க மேல் விளிம்பிலும் 0, 15, 30 ஆவது மீற்றரில் புள்ளி. அடியில் இறங்கியவர் 7, 22 ஆவது மீற்றரில் புள்ளி எடுத்திருக்கிறார். இப்போது 15 ஆவது மீற்றரில் இரண்டு மேல் விளிம்புகளும் 1.2 மீற்றர் இடைவெளியில் நிற்கின்றன; அடிப் புள்ளியோ ஏழு, எட்டு மீற்றர் தள்ளி. மென்பொருள் விளிம்பையும் விளிம்பையும் நேரே இணைத்துவிடும். அந்த இடத்தில் வடிகான் தரைமட்டம் வரை நிரம்பிவிட்டது. திரையில் பதினைந்து மீற்றருக்கு ஓர் அணை. சமவுயரக் கோட்டை இட்டுப் பார்த்தால் ஓடும் வடிகான் இராது, மணிமாலை மாதிரி தனித்தனிக் குழிகள் வரும். இந்தக் குழிவரிசையைக் கண்டால் வேறு எதையும் தேட வேண்டாம், பிரேக்லைன் இல்லை என்பதுதான் நோய்.

பிரேக்லைன் என்பது முக்கோணம் எதுவும் குறுக்கே வெட்டிப் போக முடியாத கோடு. வடிகானுக்கு நான்கு கோடுகள் வேண்டும்: இரண்டு மேல் விளிம்பு, இரண்டு அடி. வீதிக்கு நடுவும் இரு விளிம்பும். வரம்புக்கு மேலும் இரு அடியும். களத்தில் ஒரே கோட்டின் புள்ளிகளைத் தொடர்ச்சியாக எடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும் அதற்குரிய கட்டளையை விவரத்தோடு அடித்திருந்தால் மென்பொருளே கோட்டை வரைந்து தரும். இல்லையென்றால் முப்பரிமாணக் கோடாக நீங்களே புள்ளி புள்ளியாகப் பிடித்து இணைக்க வேண்டும். அலுவலகத்தில் அதற்குப் போகும் நேரம் களத்தில் அடிக்கும் ஓர் எழுத்துக்குப் போவதைவிடப் பல மடங்கு.

கொங்கிறீற் வடிகானின் சுவர் செங்குத்தானது. ஒரே இடத்தில் இரண்டு உயரத்தை இந்த மேற்பரப்பு ஏற்காது. அடிக்கோட்டை 5 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி வையுங்கள், அல்லது சுவர் வகைப் பிரேக்லைனைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டு பிரேக்லைன்கள் வெட்டிக்கொண்டால் நிகழ்வுப் பட்டியலில் எச்சரிக்கை வரும். அதை மூடிவிட்டுப் போகாதீர்கள். பெரும்பாலும் வெட்டும் இடம் ஒரு மதகு. அங்கே வீதி மேலேயும் வடிகான் கீழேயும் போகின்றன. வடிகான் கோட்டை மதகின் வாயில் நிறுத்தி, மறுபக்க வாயில் புதிதாகத் தொடங்குங்கள்.

மீதியை முக்கோணங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். பாங்கைப் பத்து மடங்கு மிகைப்படுத்திய உயரத்துக்கு அமைத்து, முப்பரிமாணக் காட்சியில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். மலைநாட்டில் மறைந்துபோகும் பிழையெல்லாம் இங்கே தூக்கலாகத் தெரியும். பிரிசக் கம்பத்தை 1.5 மீற்றரில் இருந்து 2 மீற்றருக்கு உயர்த்திவிட்டுக் கருவியில் மாற்ற மறந்தால், அந்த இடத்தில் அரை மீற்றர் மேடு எழும். தட்டை நிலம் நமக்குச் செய்யும் ஓர் உதவி இது.

அதே நிலம் இன்னொரு பிழையை ஒளித்தும் வைக்கிறது. உயரம் பதியப்படாத புள்ளி 0.000 என்று வரும். நுவரெலியாவில் அது பாதாளமாகத் தெரிந்துவிடும். தரையே 0.8, 1.1 என்று போகும் நம் ஊரில் அது ஒரு சின்னக் குட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். "இதற்குக் குறைந்த உயரத்தைத் தவிர்" என்ற தெரிவால் பூச்சியங்களை நீக்கலாம் என்று நூல்கள் சொல்லும். இங்கே அதைச் செய்யாதீர்கள். தோணாவின் அடி கடல்மட்டத்துக்குக் கீழே போகும் இடங்களில் உண்மையான புள்ளிகளும் போய்விடும். புள்ளிப் பட்டியலை உயரப்படி வரிசைப்படுத்தி, சரியாக 0.000 என்று நிற்பவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எல்லை, முகத்துவாரம், கோடுகள்

மென்பொருள் வெளிப்புறப் புள்ளிகளை நீண்ட முக்கோணங்களால் இணைத்து, நீங்கள் போகாத இடத்துக்கும் மேற்பரப்பு கட்டும். நிந்தவூர் வளைவில் கடலுக்குமேலே தரை வந்துவிடும். அளந்த பகுதியைச் சுற்றி வெளி எல்லையை வரைந்து சேர்த்துவிடுங்கள். வீடுகளின் அடித்தளத்தை மறைப்பு எல்லையாகக் கொடுங்கள். வீட்டுக்குள்ளே நீரோட்டம் கணிக்கத் தேவையில்லை.

முகத்துவாரத்து மணல் திட்டைத் தனி மேற்பரப்பாக வையுங்கள். அலை அதை அடைக்கும், வெள்ளம் வரும்போது ஆட்கள் அதை வெட்டிவிடுவார்கள். மூடிய நிலைக்கு ஒன்று, வெட்டிய நிலைக்கு ஒன்று என்று இரண்டு எடுத்து, தேவைப்பட்டதை அடிப்படை மேற்பரப்பின்மேல் ஒட்டிக் கணிக்கலாம். கடற்கரைக் கோட்டுக்கும் இதே விதி. ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. அலைத்தடுப்புகளுக்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டது இங்கே எல்லோரும் கண்ட விஷயம். பழைய கரைக்கோட்டை எடுத்துப் புதிய வேலைக்குப் போடுவது ஆபத்து.

சமவுயரக் கோட்டு இடைவெளியைச் சிறுகோடு 0.1, பெருங்கோடு 0.5 மீற்றர் என்று மாற்றுங்கள். கோடுகள் நெளிநெளியாக வந்தால் மழுப்பும் தெரிவை அளவோடு பயன்படுத்தலாம். மேற்பரப்பையே மழுப்ப வேண்டாம், அது வரம்பையும் வடிகானையும் தேய்த்துவிடும். பின்னர் நீர்த்துளிக் கருவியை எடுத்துத் தெருவின் நடுவில் சொடுக்குங்கள். துளி எந்த வழியாகப் போய் எங்கே நிற்கிறது என்று கோடு காட்டும். கோடு நடுத்தெருவில் நின்றுவிட்டால் அங்கே நீர் உண்மையிலேயே தேங்குகிறதா என்று அயல்வீட்டில் கேளுங்கள். தேங்குவதில்லை என்றால் முக்கோணத்தில் பிழை இருக்கிறது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயரத் தரவைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2000 பெப்ரவரியில் விண்ணோடம் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். தரவு, உயரத் துல்லியம் 16 மீற்றர் என்ற இலக்கை வைத்து எடுக்கப்பட்டது. அது தென்னையின் தலையையும் கூரையையும் சேர்த்தே அளக்கும். கல்லோயாவின் மேல் நீரேந்துப் பகுதியைப் பிரிக்க அது உதவும். சாய்ந்தமருதில் வடிகான் போட அதைத் தொடவே கூடாது.

மண் கணக்கு

தாழ்ந்த வளவை நிரப்புவது இங்கே அன்றாட வேலை. பழைய மேற்பரப்பையும் வடிவமைத்த மேற்பரப்பையும் ஒப்பிட்டு மென்பொருள் கனவளவைச் சொல்லும். அந்த எண் அடியில் உள்ள மேற்பரப்பைவிட நல்லதாக இருக்க முடியாது. 20 பேர்ச்சஸ் வளவின் பரப்பு ஏறத்தாழ 506 சதுர மீற்றர். உயரத்தில் 10 சென்ரிமீற்றர் பிழை என்றால் 50 கனமீற்றருக்கு மேல் வித்தியாசம்; கியூப் கணக்கில் கிட்டத்தட்ட 18. இரண்டு ஏக்கர் பாடசாலை மைதானத்தில் அதே பிழை 286 கியூப் ஆகும். ஒப்பந்தக்காரரும் சபையும் சண்டை பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நிரப்பிய மண்ணை இறுக்கும்போது கனவளவு குறையும் என்பதையும் தனியாகச் சேர்க்க வேண்டும். மென்பொருள் அதைத் தானாகச் செய்யாது. நிரப்பும் வளவுக்கு அயலில் நீர் எங்கே போகும் என்பதையும் அதே கோப்பில் பாருங்கள். ஒரு வளவு உயர்ந்தால் பக்கத்து வளவு குளமாகும்.

கையளிக்குமுன்

மேற்பரப்பில் சேர்க்காத 25, 30 புள்ளிகளைக் களத்தில் தனியாக எடுங்கள்: வடிகான் அடியில் சில, தெருவில் சில, வளவில் சில. அந்த இடங்களில் மேற்பரப்பு சொல்லும் உயரத்தையும் நீங்கள் அளந்ததையும் விரிதாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழியுங்கள். வித்தியாசங்களின் வர்க்கச் சராசரியின் மூலம் கட்டாந்தரையில் 3 சென்ரிமீற்றருக்குள்ளும், வயலில் 5க்குள்ளும் இருந்தால் வடிவமைப்புக்குப் போகலாம். வடிகான் அடியில் தனியொரு புள்ளி 2 சென்ரிமீற்றரைத் தாண்டினாலும் அந்தத் துண்டை மறுபடியும் லெவல் பிடியுங்கள்.

கையளிக்கும் கோப்போடு மூலப் புள்ளிக் கோப்பு, களப் புத்தகத்தின் பிரதி, மட்டக்குறியின் எண்ணும் உயரமும், ஆள்கூற்று முறை, அளந்த திகதி, அன்று முகத்துவாரம் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்ற குறிப்பு ஆகியவை போக வேண்டும். மாநகர சபையிலும் பிரதேச சபைகளிலும் உள்ள சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள்: வேலை முடிந்ததும் அச்சிட்ட வரைபடத்தை மட்டும் வாங்கிக் கோவையில் போடாதீர்கள். மூலக் கோப்பையும் கேட்டு வாங்கி, ஊர் வாரியாகச் சேமித்து வையுங்கள். அடுத்த தெருவுக்கு வடிகான் போடுபவர் அதே மட்டத்தில் இருந்து தொடங்க அதுதான் வழி.